மக்காத குப்பையும் மாறாத வழக்கமும்

வெள்ளி விழா மலர் ஒன்றில் கல்வியைப் பற்றியும், வேலைவாய்ப்பைப் பற்றியும், முன்னோர் ஆற்றிய தொண்டைப் பற்றியும் கட்டுரைகள் இடம்பெறுவது இயல்பு. குப்பையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். குப்பையின் வரலாற்றை விட்டுவிட்டு நம் மக்களின் வரலாற்றை எவராலும் எழுத இயலாது என்பதே நமது விடை. ஊரார் வேண்டாமென்று எறிந்தவற்றை அள்ளும் வேலை, விரும்பி ஏற்ற தொழிலாக அன்றி, பிறப்பின் கடனாக நம்மவர் தோளில் ஏற்றப்பட்டது. அவ்வேலை நகரத்தில் எவ்வாறு நிலைபெற்றது, எறியப்படும் பொருள் பிளாஸ்டிக்காக மாறியபோது என்ன நிகழ்ந்தது, சட்டங்கள் எதைச் சொல்லின, எதை நிறைவேற்றாமல் விட்டன என்பவற்றைக் கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் சீமையையும் நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

குப்பை என்ற சொல்லின் பழைய பொருள்

கரிசல் காட்டில் குப்பை என்ற சொல்லுக்கு எரு என்பதே பழைய பொருள். குப்பை அடித்தல் என்றால் எருவை வண்டியில் ஏற்றி நிலத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தல் என்று பொருள்படும். சாணமும் சாம்பலும் கூளமும் குப்பைக்குழியில் சேர்ந்து மக்கி, மழைக்கு முன்னர்ப் புஞ்சைக்குச் சென்றன. பருத்தி எடுத்து முடிந்தபின் நின்ற பருத்திமார் அடுப்பெரிக்க உதவிற்று. சோளத்தட்டையும் கம்மந்தட்டையும் உளுந்தம்பொட்டும் மாடுகளுக்குத் தீவனமாயின. கோடையில் வற்றிய கண்மாயின் கரம்பை மண் வயலுக்கு உரமாயிற்று. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு, அதன் புழுக்கையையும் உரமாக்கினர். வானம் பார்த்த பூமியில் எதையும் வீணாக்கும் வசதி எவருக்கும் இருந்ததில்லை.

ஆயினும் அந்நாளைய வாழ்வைப் பொற்காலம் என்று போற்ற நம்மால் இயலாது. செத்த மாட்டை ஊரிலிருந்து அகற்றுவதும், அதன் தோலை உரித்துப் பதப்படுத்துவதும், செருப்புத் தைப்பதும், கமலை இறைப்பதற்கு வேண்டிய தோல் வாலைச் செய்து கொடுப்பதும் அருந்ததிய மக்களின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தன. கிணற்று நீர் மேலேறி வர அவர்கள் தைத்த தோல் தேவைப்பட்டது. அதே கிணற்றைத் தொட அவர்களுக்கு உரிமை இல்லை. களத்து மேட்டில் அளந்து போடப்பட்ட தானியமே கூலி. எழுத்தாளர் பூமணி 1979-இல் வெளியிட்ட 'பிறகு' என்னும் நாவல், கரிசல் கிராமம் ஒன்றில் செருப்புத் தைத்து வாழ்ந்த அழகிரி என்பவரின் வாழ்வை நடுவாகக் கொண்டது. நம் இளைஞர்கள் தம் பாட்டன்மாரின் காலத்தை அறிய அதைப் படித்தல் நன்று. எதுவும் வீணாகாத அவ்வூர்களில் மனிதர்கள் மட்டும் வீணென்று ஒதுக்கப்பட்டனர் என்பதை நாம் மறக்கலாகாது.

ரயிலும் ஆலையும் நகராட்சியும்

1876-இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டது. கரிசல் பருத்தி துறைமுகத்திற்குச் செல்லும் வழியில் கோவில்பட்டி அமைந்ததால் அதன் நிலை உயர்ந்தது. 1901-இல் இங்கு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. பஞ்சு அரைவை ஆலைகளும் நூற்பாலைகளும் எழுந்தன. 1923-க்குப்பின் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவிற்று. கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினர்.

நகரம் பெருகியபோது குப்பையின் தன்மையும் மாறிற்று. நெருக்கமான தெருக்களில் குப்பைக்குழி வெட்ட இடமில்லை. எருவைக் கொண்டுபோய்ப் போட நிலமும் இல்லை. கிராமத்தில் உரமாக இருந்தது நகரத்தில் சுமையாயிற்று. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தெருக்களைத் துப்புரவு செய்யும் பொறுப்பை நகராட்சிகளிடம் வைத்தது. தெருக் கூட்டவும், சாக்கடை அள்ளவும், எடுப்புக் கக்கூசுகளைச் சுத்தம் செய்யவும் ஆள்கள் வேண்டியிருந்தனர். கிராமம் யாரிடம் அவ்வகை வேலையைத் தள்ளியிருந்ததோ, அவர்களையே தமிழ்நாட்டு நகராட்சிகள் பெரும்பாலும் தேடிப் பிடித்தன. சட்டத்தில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்தவர்களின் பட்டியலில் மட்டும் ஒரு சில சாதிகளே இருந்தன. பழைய வழக்கம் புதிய அலுவலகத்தின் சம்பளப் பதிவேட்டில் ஏறி அமர்ந்துகொண்டது.

இவ்வேலையிலும் ஒரு நன்மை விளைந்தது என்பதை மறைத்தல் முறையன்று. மாதச் சம்பளம் என்ற ஒன்றை நம்மவருள் பலர் முதன்முதலில் கண்டது நகராட்சியில்தான். அச்சம்பளத்தைக் கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார் பலர். இதனை நன்குணர்ந்த அண்ணல் அம்பேத்கர் 1935-இல் பம்பாய் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். உழைப்பவர் ஒன்றுகூடிக் கேட்டால்தான் கூலியும் விடுப்பும் மதிப்பும் கிட்டும் என்பது அவர் காட்டிய வழி. அதே வேளையில், பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்கும் முறை ஒழிய வேண்டும் என்பதே அவருடைய இறுதி நோக்கமாக இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் அதனினும் விரிவான மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. சாக்கடைப் பணியில் இறப்போரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. பணியின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. தோட்டி என்ற இழிசொல் துப்புரவுப் பணியாளர் ஆயிற்று. 2020-இல் தமிழக அரசு அதனைத் தூய்மைப் பணியாளர் என மாற்றியது. பெயர் உயர்ந்ததை வரவேற்போம். துடைப்பத்தைப் பிடித்த கை யாருடையது என்று பார்த்தால் மாற்றம் மிகச் சிறிதே.

பிளாஸ்டிக் வந்த கதை

1933-இல் இங்கிலாந்தில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில், எத்திலீன் என்னும் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, எதிர்பாராமல் மெழுகு போன்ற வெண்மையான பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே பாலிதீன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவியின் மின்கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. போர் முடிந்தபின் வீட்டுச் சாமான்களாக வெளிவந்தது. 1965-இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று இன்று நாம் காணும் கைப்பிடிப் பைக்குக் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் 1957-இல் பாலிஸ்டைரீன் உற்பத்தி தொடங்கிற்று. 1969-இல் குசராத் மாநிலம் வதோதராவில் அரசுத் துறையில் பெட்ரோ ரசாயன நிறுவனம் நிறுவப்பட்டது. அதன்பின் பிளாஸ்டிக் சிற்றூர்ச் சந்தை வரை வந்து சேர நெடுநாள் ஆகவில்லை.

கரிசல் சீமைக்கு அது செய்த உதவியை நாம் மறுக்கலாகாது. தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்கள் இவை. பித்தளைக் குடம் கனமும் விலையும் மிக்கது. மண்குடம் தட்டினால் உடையும். நெடுந்தொலைவு நடந்து நீர் சுமந்த பெண்களுக்குப் பிளாஸ்டிக் குடம் பெருஞ்சுமையைக் குறைத்தது. தெருக்குழாயின் முன் வண்ண வண்ணமாக நிற்கும் குடங்களின் வரிசை இப்பகுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மறுபுறம் அது பறித்தவையும் பல. கமலை இருந்த இடத்தில் மின்சாரப் பம்புசெட்டும் குழாயும் வந்தபோது தோல் வாலுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ரப்பர்ச் செருப்பும் பிளாஸ்டிக் செருப்பும் தோல் செருப்பை ஓரங்கட்டின. நைலான் கயிறு நார்க்கயிற்றையும், பிளாஸ்டிக் கூடை ஓலைப்பெட்டியையும், வாளி மண்பாண்டத்தையும் வென்றன. தோல் தைக்கும் தொழில் போனதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. அது விரும்பிப் பெற்றதன்று. ஆனால் அத்தொழிலில் கைத்திறன் ஒன்று இருந்தது. அது போன இடத்தில் வேறு திறனைக் கற்றுத்தர எவரும் முன்வரவில்லை. கைத்தொழிலை எடுத்துக்கொண்ட அதே பொருள், கழிவாகித் தெருவில் கிடந்தபோது அள்ளுவதற்கு மட்டும் அதே கைகளைத் தேடிற்று.

தீப்பெட்டித் தொழிலும் இதற்கு விலக்கன்று. குச்சியும் அட்டையும் எரிந்தோ மக்கியோ மறைவன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் லைட்டர் அவ்வாறு மறைவதன்று. அதில் பிளாஸ்டிக்கும் உலோகமும் மிச்ச வாயுவும் கலந்திருப்பதால் அதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும் அரிது. வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான லைட்டர்களால் தென்மாவட்டத் தீப்பெட்டித் தொழிலாளர், அதிலும் பெண்கள், வேலை இழக்கும் நிலை கண்டு 2022-இல் தமிழக முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 சூன் மாதத்தில் 20 ரூபாய்க்குக் குறைவான விலையுள்ள லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. எறியும் பொருள் ஒன்றின் பின்னால் எத்தனை குடும்பங்களின் அடுப்பு உள்ளது என்பதற்கு நம் ஊரே சான்று.

மண்ணுக்கு நேர்ந்தது

1950 முதல் 2015 வரை உலகில் 830 கோடி டன் பிளாஸ்டிக் உற்பத்தியானதாக ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டனர். அவற்றுள் 630 கோடி டன் 2015-க்குள் கழிவாகிவிட்டது. அக்கழிவில் நூற்றுக்கு ஒன்பது பங்கே மறுசுழற்சி செய்யப்பட்டது. பன்னிரண்டு பங்கு எரிக்கப்பட்டது. எஞ்சிய எழுபத்தொன்பது பங்கு குப்பை மேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. இந்தியாவில் 2019-20-இல் ஏறத்தாழ 35 லட்சம் டன்னும், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 41 லட்சம் டன்னும் பிளாஸ்டிக் கழிவு சேர்ந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

கரிசல் மண்ணுக்கு இதில் தனித்த ஆபத்து உண்டு. இம்மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பது. மேலே கிடக்கும் பொருள் வெடிப்புகளுக்குள் விழுந்து, மழை பெய்து மண் மூடிக்கொண்டதும் உள்ளேயே தங்கிவிடும். சாணமும் சருகும் இவ்வாறு உள்ளே சென்றால் மண் வளம்பெறும். பாலிதீன் துண்டு சென்றால் நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் அது தடுக்கும். எருவோடு கலந்து வரும் பைகள் ஆண்டுதோறும் நிலத்தில் சேர்கின்றன. மேயும் ஆடு மாடுகள் உணவின் வாடை பட்ட பைகளைத் தின்று, அவை வயிற்றில் தங்கி மடிகின்றன. ஓடையை அடைத்த பைகள் மழை நீரைக் கண்மாய்க்குப் போகவிடாமல் தாழ்வான குடியிருப்புகளுக்குத் திருப்புகின்றன. தாழ்வான இடத்தில் யாருடைய குடியிருப்பு உள்ளது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எரித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவாரும் உளர். குழாய்களிலும் மின்கம்பி உறைகளிலும் உள்ள பி.வி.சி. என்னும் வகை எரியும்போது அமில வாயுவும் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் வெளிப்படும். அப்புகையை முதலில் சுவாசிப்பவர் குப்பைக் கிடங்கில் வேலை செய்பவரும் அதன் அருகில் குடியிருப்பவருமே.

பொறுக்கும் கையும் உருக்கும் ஆலையும்

மறுசுழற்சி என்ற சொல் அரசு ஏடுகளில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வேலை நம் தெருக்களில் நடந்து வந்தது. பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தந்த வணிகர், பின்னர் உடைந்த குடத்திற்கும் வாளிக்கும் வெங்காயமும் உப்பும் தந்தனர். சாக்குடன் தெருவில் நடப்பவர் பொறுக்கியதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார். அங்கிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து ஆலைக்கும் சென்றது. இவ்வரிசையின் முதற்படியில் நின்றவருக்கே உழைப்பு மிகுதி, வருவாய் குறைவு.

இவ்வேலையை அறிவில்லாத வேலை என்று எண்ணுவது பெரும் பிழை. பிளாஸ்டிக் ஒரே பொருளன்று; ஏழு வகையாக அதை எண்ணிட்டுப் பிரிப்பர். தண்ணீர் பாட்டில் ஒரு வகை, குடம் வேறு வகை, பால் உறை வேறு, குழாய் வேறு. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் கிடைக்கும் பொருள் உறுதியற்றது. பொறுக்குவோர் தட்டிப் பார்த்தும், வளைத்துப் பார்த்தும் வகை அறிவர். ஆலையில் நீரில் இட்டால் குடத்தின் துண்டு மிதக்கும், பி.வி.சி.யும் பாட்டிலின் துண்டும் அமிழும். பிரித்தவற்றைத் துண்டாக்கி, கழுவி, உலர்த்தி, உருக்கி, இழையாக இழுத்து நறுக்கினால் குருணை கிடைக்கும். அக்குருணையே மீண்டும் வாளியாகவும் குழாயாகவும் ஆகும். பாட்டில் துண்டு பெரும்பாலும் பாலியஸ்டர் பஞ்சாக மாறுகிறது. பருத்தி விளையும் நாட்டில் பாட்டிலும் பஞ்சாகிவிட்டது!

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் இவ்வழியில் செல்வதில்லை. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் முதலியோர் முன்னோடிகளாக நின்று பரப்பிய சிறு உறை, ஒரு ரூபாய்க்கும் குறைந்த விலையில் ஷாம்பூவை ஏழை வீட்டிற்கும் கொண்டுவந்தது. அவ்வகை உறைகளில் பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டப்படுவதால் அவற்றைப் பிரித்து உருக்க இயலாது. எடையோ ஓரிரு கிராம். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஆகவே பொறுக்குவோர் அவற்றை விட்டுவிடுவர். தெருவில் கிடப்பவற்றுள் மிகுதியாக இவை காணப்படுவதன் காரணம் இதுவே.

2002-இல் கோவில்பட்டியில் ஒரு சாலை

விலைபோகாத மெல்லிய பைகளுக்கும் உறைகளுக்கும் ஒரு வழி நம் அண்டை நகரிலிருந்து பிறந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். சல்லியை ஏறத்தாழ 160 பாகை வெப்பத்தில் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகிச் சல்லியின்மீது மெல்லிய பூச்சாகப் படியும். அதன்பின் தார் சேர்த்தால் பிடிப்பு வலுக்கும். மழைநீர் எளிதில் உள்ளே இறங்காது. பி.வி.சி.யை மட்டும் இதில் சேர்க்கலாகாது. 2002-இல் கல்லூரி வளாகத்தில் முதற் சாலை அமைந்தது. அதே ஆண்டில் கோவில்பட்டியிலும் இம்முறையில் சாலை போடப்பட்டது. சென்னை முதலிய நகரங்களும் பின்பற்றின. பேராசிரியருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும் என்பர்.

நம் ஊர் இம்முயற்சியின் தொடக்கத்திலேயே இடம்பெற்றது நமக்குப் பெருமை. ஆயினும் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. சாலைக்கு வேண்டிய பிளாஸ்டிக் தூய்மையாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். எச்சிற் சோறும் காய்கறிக் கழிவும் கலந்த பை அதற்கு உதவாது. குப்பை வீட்டிலேயே பிரிக்கப்பட்டால் அது சாலையாகும், பஞ்சாகும், வாளியாகும்; கலந்துவிட்டால் எந்த அறிஞரின் முறையும் பயன் தராது. அல்லது, கலந்ததை மீண்டும் பிரிக்க ஒருவர் அதனுள் கைவிட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா.

சட்டம் சொன்னதும் வழக்கம் செய்ததும்

1996-இல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. இக்கழகத்தின் வயதும் அவ்விதிகளின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. பிளாஸ்டிக் பைகளின் குறைந்த தடிமனை 2011-இல் 40 மைக்ரான் என்றும், 2016-இல் 50 என்றும், 2021 செப்டம்பரில் 75 என்றும், 2022 இறுதியில் 120 என்றும் மத்திய அரசு உயர்த்திக்கொண்டே வந்தது. தடித்த பை பொறுக்குவோருக்கு விலைபோகும் என்பது இதன் கருத்துகளுள் ஒன்று. தமிழக அரசு 2019 சனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிற்று.

இவை யாவற்றினும் நம் மக்களுக்கு முதன்மையானவை 2016-ஆம் ஆண்டின் விதிகள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது எறிபவரின் கடமை என்று அவை கூறின. தெருவில் எறிவதும், எரிப்பதும், புதைப்பதும் குற்றம் என்றன. குப்பை பொறுக்குவோரை அப்பெயராலேயே குறிப்பிட்டு, அவர்களின் அமைப்புகளை ஏற்று, கழிவு மேலாண்மையில் சேர்த்துக்கொள்ளும்படி உள்ளாட்சிகளுக்குப் பணித்தன. நூறாண்டுக்கு மேலாக, எறிபவர் எறியலாம், அள்ளுபவர் பிரிக்கட்டும் என்பது வழக்கம். அவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிப் பிரிக்கும் கை எறிபவருடையதே என்று எழுத்தில் வைத்தது இவ்விதி. தீண்டாமையை ஒழிக்கும் சட்டங்களின் வரிசையில் இதனை எவரும் எண்ணுவதில்லை. நாமோ அவ்வரிசையிலேயே வைத்து எண்ண வேண்டும்.

இதன் எதிர்ப்புறத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்கிறது. 2022-இல் வந்த நெறிமுறைகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் அவ்வளவுக்கு மறுசுழற்சி நடந்ததற்குச் சான்றிதழ் பெற வேண்டும். அச்சான்றிதழ் பதிவுபெற்ற ஆலையின் பெயரில் எழுதப்படுகிறது, விலைக்கும் விற்கப்படுகிறது. தெருவில் பொறுக்கியவரின் பெயர் அதில் இல்லை. குப்பை அள்ளும் பணியும் நிரந்தரப் பணியாக இருந்த நிலை மாறி, ஒப்பந்தக்காரரிடம் செல்கிறது. சென்னையில் 2000-ஆம் ஆண்டிலேயே இது தொடங்கிற்று. 2025 ஆகஸ்டில் இரு மண்டலங்களின் பணி தனியாருக்குத் தரப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் கட்டடத்தின் முன் 13 நாள்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்ததை நாடு கண்டது. குப்பைக்கு மதிப்பில்லாத காலத்தில் அது நம் தலையில் வைக்கப்பட்டது. மதிப்பு வந்த காலத்தில் அதன் ஒப்பந்தமும் சான்றிதழும் பிறர் கைக்குப் போகின்றன. இழிவு நமக்கு, இலாபம் பிறர்க்கு என்னும் இப்பங்கீட்டை நாம் ஏற்கலாகாது.

புனே நகரத்துப் பெண்கள்

வேறு வழி உண்டா என்று கேட்போருக்கு மராட்டிய மாநிலத்துப் புனே நகரம் விடை தருகிறது. 1993-இல் அங்குக் குப்பை பொறுக்குவோர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள். தாங்கள் பிச்சையெடுப்போர் அல்லர், நகரத்திற்குத் தொண்டு செய்யும் தொழிலாளர் என்று கூறி, நகராட்சியின் ஒப்புதலுடன் அடையாள அட்டை பெற்றனர். சில ஆண்டுகளில் மருத்துவக் காப்பீட்டையும் பெற்றனர். பின்னர் 'ஸ்வச்' என்னும் கூட்டுறவை அமைத்து, வீடுவீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெறும் பணியை மாநகராட்சியின் உடன்பாட்டோடு ஏற்றனர். வீட்டார் தரும் மாதக் கட்டணமும், விற்கும் பிளாஸ்டிக்கின் விலையும் அவர்களுக்கே உரியன. தெருவில் கிடந்ததைத் தேடியவர்கள் வாசலில் நின்று கேட்டுப் பெறுவோராயினர். உறுப்பினரின் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்துவதையும் அச்சங்கம் தன் வேலையாகக் கொண்டது. அண்ணல் 1935-இல் காட்டிய வழி அறுபது ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு தழைத்தது.

நம் முன் உள்ள கடமை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் நான்கு.

முதலாவது, நம் வீடுகளிலிருந்தே தொடங்குதல். ஈரக் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியே வைத்து, பால் உறையைக் கழுவி உலர்த்திக் கொடுத்தல் நமக்குக் கடினமன்று. அதை வாங்கும் கை நம் உறவினரின் கையாக இருக்கலாம். இல்லாவிடினும் மனிதரின் கையே. பிறரைக் கேட்கும் உரிமை, செய்து காட்டியவருக்கே முழுமையாக உண்டு.

இரண்டாவது, சட்டத்தை அறிந்து கேட்டல். கையுறையும் காலணியும், குறைந்தபட்சக் கூலியும், வைப்புநிதியும் சலுகைகள் அல்ல, உரிமைகள். விதிகளைப் படித்து, மனு எழுதி, வார்டுக் கூட்டங்களில் எழுந்து பேசும் ஆற்றலைக் கழகத்தில் பயின்ற இளைஞர்கள் தம் தெருவின் தொழிலாளருக்கு அளிக்க வேண்டும். படித்தவர் தம் படிப்பால் தெருவை விட்டு விலகிச் செல்வாராயின், அப்படிப்பில் சமூகத்திற்குப் பங்கில்லை.

மூன்றாவது, அறிவும் முதலும் நம்மிடம் வருதல். வேதியியலும் பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகள் மறுசுழற்சித் தொழில்நுட்பத்தைக் கற்கலாம். மகளிர் குழுக்களும் கூட்டுறவும் சேர்ந்து அரைவை எந்திரமும் குருணை ஆலையும் நடத்தலாம். பொறுக்கும் படியில் நம் மக்களும் உருக்கும் படியில் பிறரும் என்ற நிலை மாற இதுவே வழி. 2009-இல் தமிழகத்தில் அருந்ததியருக்கு வழங்கப்பட்ட 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, உள் ஒதுக்கீட்டுக்கு இடமுண்டு என்ற 2024 ஆகஸ்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் வலுப்பெற்றுள்ளது. கல்லூரிக் கதவு முன்னைவிட அகலத் திறந்திருக்கும் காலம் இது. மிகவும் பின்தங்கிய உடன்பிறப்பைக் கைப்பிடித்து அக்கதவு வரை அழைத்துச் செல்வது நம் எல்லாருடைய கடமையாகும்.

நான்காவது, இவையனைத்திற்கும் மேலானது. இத்தொழிலை நாம் நம் குலத்தொழிலாக ஏற்று மெருகேற்றச் சொல்லவில்லை. தூய்மைப் பணியாளரின் மகன் அப்பணிக்கு வருவதும் வராதிருப்பதும் அவன் விருப்பமாக இருக்க வேண்டும். எந்தச் சமூகத்தில் பிறந்தவரும் தக்க கூலிக்கும் பாதுகாப்புக்கும் அவ்வேலையைச் செய்ய முன்வரும் நிலை வர வேண்டும். அந்நாள் வரும்போதுதான் குப்பை வெறும் குப்பையாகும். அதுவரை அதில் சாதி கலந்தே இருக்கும். எல்லாக் கழிவிலும் பிரிப்பதற்கு அரியது அதுவே.

பிளாஸ்டிக் மக்குவதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம். வழக்கத்திற்கு அத்தனை காலம் தர நாம் உடன்படலாகாது. அதனை மக்கச் செய்யும் எரு கல்வியே என்ற உறுதியோடு, கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியை இளைஞர்களிடம் ஒப்படைக்கின்றோம்.